நான்கு சீட்டிலும் ஒரே பெயர்

நாற்பத்து நாலு வயதில் வயிற்றில் பிள்ளை என்று டாக்டரம்மா சொன்னபோது நான் அவளைத் திட்டினேன். பாவம், அவள் என்ன செய்வாள். "இன்னொரு தடவை நல்லா பாருங்க, ரிப்போர்ட் மாறியிருக்கும்" என்றேன். மாறவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் செய்தியைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் அங்கிருந்த பிள்ளைத்தாய்ச்சிகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் ஓட்டுகிற மனுஷனை அன்றைக்கு வீடு வரைக்கும் நடத்தியே கூட்டிக்கொண்டு வந்தேன்.

உண்மையில் அவர் மேல் கோபமில்லை. என் மகளிடம் இதை எந்த வாயால் சொல்வது என்ற பயம்.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி ஐந்து வருஷம். இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் கலைந்துவிட்டது. இரண்டாவது தடவை நான்தான் பக்கத்தில் இருந்தேன். அதற்குப் பிறகு கைக்குழந்தை இருக்கிற வீட்டுப் படியை அவள் மிதிப்பதில்லை. அப்படிப்பட்டவளின் அம்மா வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்? எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நேரில் போய்த்தான் சொன்னேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சட்டையை உதறி, கொடியில் மாட்டி, கிளிப் குத்தி முடித்த பிறகுதான் திரும்பினாள்.

"எத்தனை மாசம்?"

சொன்னேன்.

"உடம்பைப் பாத்துக்கோ" என்றாள், ஆபீசில் யாரோ ஒருத்தியிடம் சொல்வதைப் போல. அதற்குப் பிறகு என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். ஏதாவது செய்து மாப்பிள்ளை கையில் கொடுத்தனுப்புவேன். டிபன் பாக்ஸ் கழுவித் துடைத்துப் பளபளவென்று திரும்பி வரும். அழுக்கோடு வந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஊரார் எழுத்தில் ஒரு புள்ளி தவறினால் கண்டுபிடித்துவிடுவார், தன் வாயை மட்டும் அவரால் திருத்த முடியாது. எந்தச் சொல் எந்தத் தேசத்திலிருந்து வந்தது என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் கொட்டாவி விட்டாலும் விட மாட்டார். ஆனால் தங்கமான பிள்ளை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அச்சகத்து மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, அவளுக்குத் தெரியாமல் எனக்குப் போன் செய்வார். இன்றைக்குச் சாப்பிட்டாளா, தூங்கினாளா, எல்லாம் அவர் வாயால்தான் எனக்கு வரும்.

எனக்கு வேலை, பல தேசத்து ஆட்கள் வேலை பார்க்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். கட்டடத்துக்கு அடியில், ஜன்னல் இல்லாத நீளமான அறை. ஒரு கோடியில் துவைக்கிற மிஷின்கள், நடுவில் இஸ்திரி, மறு கோடியில் மடிக்கிற மேசையும் கிழிசல் தைக்கிற மிஷினும். எங்கள் பிரிவில் என்னைத் தவிர மூன்று பேர். இஸ்திரிக்காரர் வீட்டில் அரபு பேசுகிறவர். மடிக்கிறவள் ஸ்பானிய மொழிக்காரி. குனிந்து ஒரு மூட்டையைத் தூக்க மாட்டாள், அதனால் அவளுக்கு மகாராணி என்று பெயர். தையல்காரர் இத்தாலி மொழிக்காரர், ஊசியை வாயில் வைத்துக்கொண்டே சண்டை போடுவார். இவர்களை மேய்க்கிற வேலை எனக்கு.

எங்களுக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி. சீட்டு கட்டாத மூட்டை மேலே ஏறக்கூடாது. எந்த வார்டு என்று ஒரு துணிச் சீட்டில் எழுதிக் கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் குழந்தைகள் வார்டு விரிப்பு எங்கேயோ போய்ச் சேர்ந்து, எல்லோரும் என் தலையைத்தான் உருட்டுவார்கள். இந்த விதியிலிருந்தே ஒரு வழக்கமும் வந்துவிட்டது. எங்களில் யாராவது பிள்ளை உண்டாகி வயிறு தெரிய ஆரம்பித்தால், உள்ளே இருப்பதற்கும் ஒரு சீட்டு வேண்டும். ஆளுக்கு ஒரு பெயரைத் துணிச் சீட்டில் எழுதி, ஒரு டாக்டர் கோட்டின் பையில் போடுவார்கள். தாய் ஒன்றை எடுப்பாள். பிறக்கிற வரைக்கும் வயிற்றை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பிறந்த பிறகு அவரவர் இஷ்டம்.

"அதெல்லாம் சின்னப் பொண்ணுங்களுக்கு. என்னை விடுங்க" என்றேன்.

"சின்னப் பொண்ணு செய்யற வேலையெல்லாம் செஞ்சுட்டு இப்ப என்னக்கா வெக்கம்" என்றாள் மகாராணி. இஸ்திரிக்காரர் சுவரைப் பார்த்துச் சிரித்தார். என்னைக் கூட்டிப்போக வந்திருந்த என் வீட்டுக்காரர் வெட்கமே இல்லாமல் தானும் ஒரு சீட்டு எழுதிப் போட்டார்.

நான் எடுத்தேன். யூசுஃப். இஸ்திரிக்காரர் வாயெல்லாம் பல்லாக நின்றார், அது அவர் அண்ணன் பெயராம். மகாராணி விடவில்லை. அவர் சீட்டை மேலாக வைத்தார், செல்லாது, மறுபடி எடு என்றாள். எடுத்தேன். பெப்பே. அது அவள் அப்பா பெயர். தையல்காரர் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, கூத்தாடிக்கு வைக்கிற பெயரெல்லாம் எங்கள் பிள்ளைக்கு எதற்கு என்றார். அவர் எழுதியது ஜூசெப்பே. என் வீட்டுக்காரர் பங்குக்குத் தன் அப்பா பெயரைப் போட்டிருந்தார், சூசை. பிள்ளை என்னுடையது, மல்லுக்கட்டுவது இவர்கள். மறுநாள் இஸ்திரிக்காரரின் பட்டனைத் தைத்துத் தர மாட்டேன் என்று தையல்காரர் சொல்கிற அளவுக்குப் போய்விட்டது.

மதியம் மாப்பிள்ளை போன் செய்தபோது, அவரைச் சிரிக்கவைக்கலாமே என்று இந்தக் கூத்தைச் சொன்னேன்.

"நாலு பேரையும் இன்னொரு தடவை சொல்லுங்க அத்தை" என்றார். சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அத்தை, நாலும் ஒரே பேரு."

"என்ன மாப்பிள்ளை உளர்றீங்க?"

"ஸ்பீக்கர்ல போடுங்க, சொல்றேன்."

போட்டேன். எல்லோரும் மடிக்கிற மேசையைச் சுற்றிச் சாப்பாட்டோடு உட்கார்ந்திருந்தோம். மனுஷனுக்குச் சபை கிடைத்துவிட்டது. எபிரேய மொழியில் யோசேஃப் என்று ஒரு பெயர். அதுதான் அரபில் யூசுஃப். இத்தாலியில் ஜூசெப்பே. ஸ்பானிய மொழியில் ஹொசே, அந்த ஹொசேயை வீட்டில் செல்லமாகக் கூப்பிடுவது பெப்பே. போர்த்துகீசியர் அதே எழுத்தை ஜுஸே என்பார்கள், அவர்கள் கப்பலில் கொண்டுவந்த ஜுஸே தமிழ் நாக்கில் புரண்டு சூசை ஆகிவிட்டது. யோசேப்பும் அதுதான், ஜோசப்பும் அதுதான்.

"அப்ப நான் ஜெயிச்சேன்" என்றாள் மகாராணி.

"எல்லாரும்தான் ஜெயிச்சோம். நீ மட்டும் சத்தம் போட்டே" என்றார் இஸ்திரிக்காரர். தையல்காரர் கையை நீட்டி, "பட்டனைக் குடு" என்றார். எனக்கும் அந்த நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. எத்தனை தேசம் சுற்றிய பெயர், ஒரே நாளில் என் வயிற்றைத் தேடிக்கொண்டு நாலு பக்கமிருந்தும் வந்திருக்கிறதே என்று கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன். முதல் தடவையாக, பயமில்லாமல்.

இஸ்திரிக்காரர் அத்தோடு விட்டிருக்கலாம். "அர்த்தம் என்ன தம்பி?" என்று கேட்டுவிட்டார்.

"கூட்டுவார்னு அர்த்தம். கடவுள் இன்னும் கூட்டித் தருவார்னு. ரொம்ப வருஷம் பிள்ளை இல்லாம, எல்லார் பேச்சையும் கேட்டு நொந்துபோன ஒருத்தி, கடைசியில ஒண்ணைப் பெத்து, அந்தக் கையோட எனக்கு இன்னொண்ணும் குடுன்னு கேட்டு வச்ச பேராம். பழைய கதை." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். யார் வீட்டில் என்ன பேசுகிறோம் என்று அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

கேட்காமலே எனக்குக் கிடைத்திருக்கிறது. கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனவள் அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள். இதில் 'எனக்கு இன்னும் கூட்டிக் கொடு' என்று ஒரு பெயரை வைத்து, அவள் காதுபடக் கூப்பிடுவேனா? அதைவிட அவள் கன்னத்தில் அறைந்துவிடலாம்.

"இந்தப் பேர் வேணாம். இதோட விடுங்க" என்று சீட்டுகளை அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டேன். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு மாப்பிள்ளையிடம் தனியாகச் சொன்னேன். "இந்தப் பேச்சு அவ காதுக்குப் போச்சுன்னா, மாப்பிள்ளைன்னு பாக்க மாட்டேன்."

"சத்தியமா சொல்ல மாட்டேன் அத்தை" என்றார்.

அதற்குப் பிறகு சலவைக்கூடத்தில் என் வயிற்றை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "மூட்டை எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான். வீட்டில் என் வீட்டுக்காரரை நச்சரித்தேன். அர்த்தமே இல்லாத பெயராக ஒன்று சொல்லுங்கள், யாரையும் குத்தாத பெயராக இருக்கட்டும் என்றேன்.

"அதுக்கு என் பேரே இருக்கே" என்றார். "எங்கப்பா என்னத்தை நினைச்சு வச்சார்னு இன்னிவரைக்கும் யாருக்கும் தெரியாது."

சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும் என்று டாக்டரம்மா அடித்துச் சொல்லியிருந்தாள். அது பிறந்தால் எனக்கு மகள் மிஞ்சுவாளா என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில், மடித்து முடித்த துணியை வண்டியில் ஏற்றும்போதே வலி வந்தது. அந்த வண்டி போகிற லிஃப்டிலேயே என்னையும் ஏற்றினார்கள். மத்தியானத்துக்குள் பிறந்துவிட்டான். பையன். தொண்டை கிழியக் கத்தினான். என் வீட்டுக்காரர் அவனைக் கையில் வாங்கி விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினார், அந்த மனுஷனை அப்படி நான் பார்த்ததே இல்லை. பிறகு எனக்கு ஏதாவது வாங்கி வருகிறேன் என்று கேன்டீனுக்குப் போனார். அழத்தான் போனார் என்று எனக்குத் தெரியும்.

நர்ஸ் தொட்டிலில் மாட்டுகிற அட்டையோடு வந்தாள். "குழந்தைக்குப் பேரு முடிவு பண்ணிட்டீங்களா? எழுதிடலாமா?"

"இன்னும் இல்லம்மா" என்றேன்.

"பொய் சொல்லாத" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

என் மகள். இளைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை, மேலே சுற்றுகிற மின்விசிறியை ஏதோ புது அதிசயம் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

"எப்ப சொன்னார்?"

"அன்னைக்கே. செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே." உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தொட்டில் பக்கம் திரும்பவில்லை. "நாலு சீட்டுலயும் ஒரே பேரு வந்ததையும் சொன்னார், அர்த்தமும் சொன்னார், நீ அதை வேணாம்னு தூக்கிப் போட்டதையும் சொன்னார். அன்னைக்குத்தான்மா உன் மேல எனக்கு நிஜமா கோபம் வந்துச்சு."

"அப்ப அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி கோபமில்ல. பொறாமை." அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு மடியிலிருந்த தன் கையையே பார்த்தாள். "பெத்த அம்மா மேல பொறாமைப்படறோமேன்னு வெக்கம். எந்த முகத்தை வச்சுக்கிட்டு உன்கிட்ட பேசறது? அதான் போனை எடுக்கல."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். "அசையாம படு" என்று அதட்டினாள். என்னைப் போலவே இருந்தது.

"உனக்கு வலிக்குமேன்னுதான்டி அந்தப் பேரை வேணாம்னேன்."

"யார் கேட்ட பேரும்மா அது? வருஷக்கணக்கா இல்லாம இருந்தவ கேட்ட பேரு. உனக்கு எதுக்கு அது? உனக்குத்தான் கேக்காமலே வந்துடுச்சே. அது எனக்கு வேண்டிய பேரு. என்னை ஒரு வார்த்தை கேக்காம நீயே வேணாம்னு சொல்லிட்டே."

நான் எத்தனை மாதம் அந்தப் பெயரைக் கண்டு நடுங்கினேன். கேட்கிறவள் நான் என்றே நினைத்து நடுங்கினேன். இவள் கேட்கலாமே என்று என் மண்டையில் ஏறவே இல்லை.

அவள் எழுந்தாள். தொட்டிலருகே போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குனிந்து, பழக்கப்பட்டவள் மாதிரி கழுத்துக்கடியில் கை கொடுத்து அவனைத் தூக்கினாள். மாப்பிள்ளை மின்விசிறியை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு தடவை போனதுக்கப்புறம் எனக்குக் கேக்கவே வாய் வரலம்மா. யார்கிட்டயும். இவர்கிட்டகூட இல்ல. கேட்டு, அது மறுபடியும் இல்லன்னு ஆயிடுமோன்னு பயம்." குழந்தையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள். "இவனுக்கு அந்தப் பேரை வையி. சாப்பிட வா, குளிக்க வா, ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு நாள் முழுக்க நீங்க இவனைக் கூப்பிடுவீங்கல்ல. ஒவ்வொரு தடவையும் எனக்காகக் கேட்ட மாதிரி இருக்கும். நான் சும்மா இருந்தாலும் நீங்க கேட்டுக்கிட்டே இருப்பீங்க."

நர்ஸ் பேனாவைப் பிடித்தபடி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். "என்னன்னு எழுதட்டும்?"

"யோசேப்பு" என்றாள் என் மகள். "அம்மா, நீ கூப்பிடு. முதல்ல நீ கூப்பிடு."

"யோசேப்பு" என்றேன். பாதிதான் வெளியே வந்தது.

"சத்தமா கூப்பிடும்மா. இவ்வளவு மெதுவாக் கேட்டா யாரு குடுப்பாங்க?"

நான் கூப்பிட்டேன். அடுத்த கட்டில்காரிகள் எழுந்து பார்த்தார்கள், பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டான், இது ஆஸ்பத்திரி என்று நர்ஸ் சத்தம் போட்டாள். மறுபடியும் கூப்பிட்டேன்.