பையில் ஒன்றுமில்லை

முதலில் காணாமல் போனது பச்சைப் போர்வை.

குளிர் இறங்கத் தொடங்கிய வாரம் அது. காலையில் எழுந்தால் ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து எதிர் வீடே தெரியாது. கூடுதலாக ஒன்று போர்த்திக்கொள்ளலாம் என்று அலமாரியைத் திறந்தேன். சிவப்புப் போர்வை இருக்கிறது, பச்சை இல்லை.

"எங்கயாவது மடிச்சு வெச்சிருப்பேன், கிடைக்கும்" என்றாள் என் மனைவி.

யாருக்குக் காது குத்துகிறாள்? வேலைக் காலம் முழுக்க ஆலை வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்த்தவன் நான். முதுகுக்குப் பின்னால் என்னைக் கழுகு என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாலும் கோபப்பட்டிருக்க மாட்டேன். 'எங்கயாவது இருக்கும்' என்று சொல்கிற ஆளுக்கு அது எங்கே இருக்கிறது என்று நன்றாகவே தெரியும்.

ஓய்வு பெற்றுவிட்டால் மட்டும் கை சும்மா இருக்குமா? அவள் கடைக்குக் கிளம்பும்போதெல்லாம் "பையைக் காட்டு" என்பேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. முதலில் சிரித்துக்கொண்டே காட்டினாள். பிறகு சிரிக்காமல் காட்டினாள். எங்கே போறே, ஏன் இவ்வளவு நேரம், வழியில் யாரைப் பார்த்தே என்றும் கேட்பேன். கேட்டால் என்ன தப்பு? கட்டினவன் கேட்காமல் பக்கத்து வீட்டுக்காரனா வந்து கேட்பான்?

போர்வைக்குப் பிறகு ஃபிளாஸ்க் போனது. அப்புறம் நாற்காலியில் கிடந்த குட்டித் தலையணை. கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். மூடி கெட்டுப்போச்சாம், பஞ்சு பிரிஞ்சுபோச்சாம். குப்பைத் தொட்டியைக் கிளறிப் பார்த்தேன். மூடியும் இல்லை, பஞ்சும் இல்லை.

எங்கள் ஆலையில் ஒரு ஃபிட்டர் இருந்தான். வேலையை விட்டுவிட முடிவு செய்தவன், ஒரு பம்ப்பையே கழற்றிச் சாப்பாட்டு டப்பாவில் துண்டு துண்டாகக் கொண்டுபோனான். கடைசி நாள் வெறுங்கையை வீசிக்கொண்டு எனக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனான். அவன் ஞாபகம் வந்தது. இவளும் அப்படித்தான் போகப்போகிறாளா? அவள் தங்கை வேறு வருஷக்கணக்காக, 'அக்கா, நீ பேசாம எங்க வீட்டுக்கே வந்துடு' என்று ஓதிக்கொண்டிருக்கிறாள்.

மகளுக்குப் போன் போட்டேன்.

"அம்மா போர்வையைக் கடத்துறாங்களா? நல்லா இருக்குப்பா கதை. நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்கன்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா இல்லையா?"

அவளுக்குச் சிரிப்பு. அம்மா என்னை விட்டுப் போகப்போகிறாளா என்று கேட்க எனக்கு நா எழவில்லை. போனை வைத்துவிட்டேன்.

அன்று மத்தியானம் பொட்டு வெயில் இல்லை. ஆனாலும் அவள் கொல்லைக் கொடியில் ஒரு கம்பளிச் சால்வையை உலர்த்தினாள். துவைக்காத சால்வை! பிறகு வாசலுக்கு வந்து, நான் கேட்கும் முன்பே பையை விரித்துக் காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை.

"காய் வாங்கிட்டு வந்துடறேங்க."

நான் கொல்லைப்பக்கம் ஓடினேன். அவள் தெருவைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்கு வந்து, மதிலுக்கு மேல் கையை நீட்டிச் சால்வையை உருவிப் பைக்குள் திணித்தாள். அடிப்பாவி! இவ்வளவு காலம் எத்தனையோ கில்லாடிகளைப் பிடித்திருக்கிறேன், இந்த வித்தையை ஒருவனும் செய்ததில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். காய்கறிக் கடையைத் தாண்டினாள். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் பார்சல் டீ வாங்கிக்கொண்டு, அதையும் தாண்டி ஏரிப்பக்கம் திரும்பினாள். குளிர் வந்துவிட்டால் அங்கே படகு ஓடாது, ஈ காக்கை இருக்காது. தங்கையின் கார் அங்கேதான் நிற்கும் என்று நினைத்தேன்.

காரும் இல்லை, தங்கையும் இல்லை. பூட்டிக் கிடந்த டிக்கெட் கூண்டுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு. அதன்மேல் என் மனைவி தலையணையில் சாய்ந்து, காலைத் தூக்கி வைத்து, பச்சைப் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். தோளில் சால்வை, கையில் டீ. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஒன்றுமே செய்யவில்லை. அவள் முகம் அவ்வளவு லேசாக இருந்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"யாருக்காகக் காத்திருக்கே?"

டீ சிந்தியது. "யாருக்காகவும் இல்லைங்க."

"என்னை விட்டுட்டுப் போறியா?" கேட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது.

அவள் என்னையே பார்த்தாள்.

"ஐயோ, நான் எங்கங்க போவேன்? நீங்க வேலையை விட்டு வீட்டோட வந்ததுலேர்ந்து தினமும் இங்க வந்து கொஞ்ச நேரம் உக்காருவேன். இங்க யாரும் என்னை எதுவும் கேக்க மாட்டாங்க. வெயில் காலத்துல வெறுங்கையோட வந்தேன், உங்களுக்குத் தெரியல. இப்ப குளிருது. அதான் ஒவ்வொண்ணா எடுத்துட்டு வந்து, இந்தக் கூண்டோட உடைஞ்ச ஜன்னல் வழியா உள்ள வெச்சேன்."

போன உயிர் திரும்பி வந்தது. போகவில்லை, என்னை விட்டுப் போகவில்லை! அவள் சொன்ன மற்றதெல்லாம் அந்த நேரத்தில் என் காதிலேயே ஏறவில்லை.

"அவ்வளவுதானா? தாராளமா உக்காரு. நான் வீட்டுக்குப் போறேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் தானாகத் திரும்பினேன். வாய் தானாகக் கேட்டது.

"எத்தனை மணிக்கு வருவே?"

அவள் எழுந்தாள். மிச்ச டீயைக் கீழே ஊற்றினாள். ஃபிளாஸ்கை மூடினாள். போர்வையை மடித்தாள்.

"வாங்க, போகலாம்."

அதற்கப்புறம் அவள் மத்தியானங்களில் எங்கும் போகவில்லை. காய்கறியை நானே வாங்கி வருகிறேன். சமையலறையில் அவள் நிற்கிறாள், கூடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கேட்டதற்குப் பதில் வருகிறது. கேட்காவிட்டால் ஒன்றும் வருவதில்லை. குளிர் இன்னும் ஏறிவிட்டது.

நேற்று பொறுக்க முடியாமல் ஃபிளாஸ்கில் நானே டீ போட்டு நிரப்பினேன். போர்வையோடு கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன்.

"போய்க் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாம்மா. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவள் போர்வையைத் தடவிப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"எங்க போறது? அந்த இடம்தான் உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சே."