மரியமுத்துவின் ஐந்து வருடம்

1

ஒப்புக்கொள்கிறேன், இது ஒட்டுக்கேட்ட கதை. சென்னையில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் காரைக்கால்காரத் தம்பதி. பெயர்கள் மட்டும் நான் வைத்தவை: தச்சர் மரியமுத்து, மனைவி ரீட்டா.

'காரைக்கால் தலத்தெருவில் வேப்பங்காற்று மெல்ல...' என்று தொடங்கினேன். சீ! அடித்துவிட்டேன். மனுஷனுக்கு அவசரம். மகன் கிளாட்வின் பிரெஞ்சுப் பட்டாளத்தில், தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சுக் கயானாவில் இருக்கிறான். இன்னும் பன்னிரண்டு நாளில் அங்கே அவனுக்குக் கல்யாணம். ஊசி அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்; அட்டை செல்லுபடியாக ஊசி போட்டுப் பத்து நாள் ஆகவேண்டும். பயணத்துக்கே இரண்டு நாள் போகும்; இன்றைக்கு விட்டால் போச்சு.

2

மருத்துவர் இளவேனில் படிவத்தைப் பார்த்தார். "அம்பத்தேழா? நல்லது. அறுபது தாண்டினா இந்த ஊசியில ஆபத்து கொஞ்சம் கூட. யோசிச்சுத்தான் போடுவோம்."

மரியமுத்துவுக்கு வியர்த்துவிட்டது. பத்து வயதில் பள்ளியில் சேர்ந்தவருக்குத் தலைமையாசிரியர் வயது ஐந்து என்று எழுதிவிட்டார்.* அந்தப் பொய் பாஸ்போர்ட் வரை வந்து நிற்கிறது.

(* பத்து வயதுக்காரனை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.)

[இங்கே அவரை வாய் திறக்கவிடாமல், ஊசி போட்டு விமானம் ஏற்றிவிடத்தான் நினைத்தேன். கேட்டால்தானே!]

"டாக்டரம்மா, அது பாஸ்போர்ட்டோட வயசு. எனக்கு அறுவத்திரெண்டு. ஊசி ஒடம்புக்குத்தானே போடுறீங்க?"

"அடப்பாவி மனுஷா!" என்றாள் ரீட்டா. "ரெண்டு பேருக்கும் ஒரே வயசுன்னுதானே எங்க அப்பாகிட்ட சொன்னீங்க!"

படிவத்தை வாங்கி ஐம்பத்தேழை அடித்தார் மரியமுத்து. சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

"பொய் சொல்லிப் போட்டுக்கிட்டு அங்க போயி படுத்துட்டா புள்ள கல்யாணம் என்னாவுறது? சர்க்கரை கெடயாது, பிரஷர் கெடயாது. போடலாமா வேணாமா, நீங்க சொல்லுங்க."

3

முடிவு ஒன்று: ஊசி போட்டார்கள், கல்யாண போட்டோவில் அவரும் நிற்கிறார். முடிவு இரண்டு: தலத்தெருவில் உட்கார்ந்து வீடியோவில் கல்யாணம் பார்த்து அழ... இரண்டையும் கிழித்துவிட்டேன். உண்மை பேசியவருக்கு நான் எதைச் சொன்னாலும் ஜோடனையாக இருக்கிறது.

4

"இவருக்கு வேணாம்னா எனக்காச்சும் போடுங்க," என்று ரீட்டாவும் கையை நீட்டினாள். "எனக்கு நெசமாவே அம்பத்தேழு. யாராச்சும் ஒருத்தர் போயே தீரணும்."

இளவேனில் பேனாவோடு யோசிக்கிறார்; நான் ஒட்டுக்கேட்டது இவ்வளவுதான். அந்தப் பேனாவை உங்களிடம் தருகிறேன், நீங்களே முடியுங்கள். ஒன்று மட்டும்: ஐம்பத்தேழை மறுபடி எழுதிவிடாதீர்கள். அதை அவர் தன் கையாலேயே அடித்தார்.