வெள்ளைப் பேசின்

லியனார்டின் அக்கா மகதலேனாவுக்குப் பிள்ளை பிறந்து இரண்டு நாளாகியும் உதிரப்போக்கு நிற்கவில்லை. கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்களைச் சோதித்ததில் அவன் இரத்தம் மட்டுமே ஒத்துவந்தது. அந்தச் சோதனைக்கு விரலில் குத்தியபோதே மயங்கி விழுந்திருந்தான். மறுநாள் காலை ஒரு போத்தல் இரத்தம் எடுக்கவேண்டும். பாதியில் மயங்கினால் நிறுத்திவிடுவோம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்று மாலை வகுப்புக்குப் போகாமல், பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் தன் டைரியைப் புரட்டினான். மயங்கிய மூன்று தடவையும் தேதியோடு இருந்தன: அம்மை குத்தியது, பல் பிடுங்கியது, இப்போது விரல். மூன்றிலும் பக்கத்தில் ஒரு வெள்ளை எனாமல் பேசின் இருந்திருக்கிறது. கிள்ளானில் அம்மா கடைசியாக இரத்தம் கக்கியதும் அப்படியொரு பேசினில்தான். அவள் பாதத்தைப் பிடித்தபடி, அது சில்லிட்டுப்போகும்வரை நின்றவன் அவன். அப்போது வயது பன்னிரண்டு.

‘இதெல்லாம் நானாகக் கட்டிக்கொள்ளும் கதையோ?’ என்று கீழே எழுதிவைத்தான்.

காலையில் மாதா கோயிலில் பூசை கண்டு நன்மை அப்பம் வாங்கிய கையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். நன்மைக்கு இருந்த உபவாசத்தை இதற்கும் நீட்டிக்கொண்டான். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. இரத்தம் எடுக்கும் டிரஸ்ஸர் பக்கிரிசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

“ரத்தம் குடுக்க வர்றவன் வயித்தக் காயப்போடுவானா தம்பி? முதல்ல குடி. உன் சாமி கோவிச்சா என்னைக் கைகாட்டு.”

பால் டின்னில் வந்த தேநீரும் ரொட்டியும் உள்ளே போயின. போத்தலை நிறுத்தியிருந்த வெள்ளைப் பேசினை மூடிவைக்க முடியுமா என்று லியனார்ட் தயங்கித் தயங்கிக் கேட்டான். டிரஸ்ஸர் சிரிக்கவில்லை. ஒரு துண்டைப் போட்டு மூடினார்.

ஊசி இறங்கியது. சுவரைப் பார்த்தபடி எண்ணத் தொடங்கினான். நூற்றுநாற்பதில் காது அடைத்தது. துண்டுக்கடியில் சொட்டுச் சொட்டாகச் சத்தம். அப்போது சில்லென்ற கை ஒன்று அவன் இடது பாதத்தை இறுகப் பிடித்தது. அந்தப் பிடியிலேயே மனத்தை வைத்து எண்ணினான்.

“முடிஞ்சிருச்சு,” என்றார் டிரஸ்ஸர். போத்தல் நிறைந்திருந்தது.

“கால யாருண்ணே பிடிச்சிக்கிட்டிருந்தது?”

“நானும் நீயுந்தானே இருக்கோம். என் ரெண்டு கையும் உன் கையிலதான் இருந்திச்சு.”

சாயங்காலம் மகதலேனா கண்விழித்துக் கஞ்சி கேட்டாள். லியனார்ட் டைரியில், ‘மயங்கவில்லை’ என்று எழுதினான். பிறகு அதை அடித்தான். நூற்றுநாற்பதுக்குப் பின் அவன் நினைவில் இருந்த அடுத்த எண் முந்நூற்றுப் பத்து. அடித்ததன் மேலேயே திரும்பவும், ‘மயங்கவில்லை’ என்று எழுதினான். இடது பாதம் இன்னும் சூடேறவில்லை என்பதை மட்டும் எழுதவில்லை.