குழாயில் மிதந்த வெள்ளை

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். அன்று மூன்று நிறுவனங்களிலிருந்து ஊழியர்களின் ரத்தம் மொத்தமாக வந்திருந்தது. சுழற்றும் இயந்திரத்தை நிறுத்தி, ஒரு குழாயை வெளியே எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அடியில் சிவப்பு. அதற்கு மேல் தெளிந்த மஞ்சள் நீர் இருக்க வேண்டிய இடத்தில் பால் போல வெள்ளை.

"இங்க வந்து பாரேன்," என்று பக்கத்து மேசைத் தோழியைக் கூப்பிட்டாள். "எவ்வளவு கொழுப்பு. இந்த ஆள் எப்படித்தான் நடமாடுறாரோ."

தோழி குழாயைத் திருப்பி, ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். குரல் தாழ்ந்தது.

"உன் வீட்டுக்காரர் பேருடி."

அவள் குழாயை வாங்கிச் சீட்டைத் தானே ஒருமுறை படித்தாள். குழாயைத் தாங்கியில் வைக்க மூன்று முறை முயன்றாள்.

கணவன் அந்த மூன்று நிறுவனங்களில் ஒன்றின் கிடங்கில், சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவன். மூன்று வேளையும் கறி வேண்டும். சமைப்பதும் அவனே, அந்த அடுப்பை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான். மாலையில் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோதும் வதக்கிக்கொண்டுதான் இருந்தான். அவள் போனில் எடுத்திருந்த படத்தை நீட்டினாள்.

"என்ன இது, பாலா?"

"உங்க ரத்தம்."

கரண்டி பாதியில் நின்றது. கறி தீய்ந்து வாசனை வரும்வரை இருவரும் அசையவில்லை.

மறுநாள் மருத்துவர் மாத்திரை எழுதினார். "கறிய அடியோட விட வேண்டாம். வாரத்துக்கு ரெண்டு நாள், கொழுப்பில்லாம, அளவா."

வெளியே வந்ததும் அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "விடுன்னா விட்டுடுவேன். கொஞ்சமா சாப்பிடுன்னா எப்படி? வாயத் திறந்தா மூடத் தெரியாதே எனக்கு."

அவன் சொன்னது உண்மைதான்.

முதல் மாதம் பருப்பையும் காய்கறியையும் பார்த்துப் பெருமூச்சுவிட்டான். கிடங்கில் சாமியார் என்று பட்டம் கட்டினார்கள். "சாமியார் ஞாயித்துக்கிழமை கறி திம்பாரா?" என்று ஒருவன் சீண்டினான். "திம்பேன், புதன்கிழமையும் திம்பேன்," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

நான்கு மாதத்தில் கொழுப்பு பாதிக்கு மேல் இறங்கியது.

அடுத்த ஞாயிறு சாப்பிடும்போது, தன் தட்டில் மிச்சமிருந்த ஒரு துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் தட்டிலிருந்து ஒரு எலும்புகூட வந்ததில்லை. அவள் பதறிப்போய் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"வயிறு நெறைஞ்சிடுச்சு," என்றான் அவன். "எனக்கே நம்ப முடியல."