பகலில் வீட்டில் இருந்தவர்கள்

பொன்னாடை தன் கழுத்தை நோக்கி இறங்கி வருகிறது, அதைப் பிடித்திருக்கும் கைகளின் விரல் நுனிகள் கறுத்துப் போயிருக்கின்றன, முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து ஏறிய கறை, எந்த சோப்புக்கும் போகாதது, அந்த விரல்களைத் தவிர பேராசிரியர் தாணுலிங்கத்தின் கண்ணில் வேறெதுவும் படவில்லை, இத்தனைக்கும் கருத்தரங்க அறை நிறைந்திருந்தது, அவருடைய மாணவி ஜாஸ்லின் வாய்மொழித் தேர்வு முடிந்து சற்றுமுன்தான் முனைவர் ஆகியிருந்தாள், பொன்னாடையோடு நிற்பது அவள் அம்மா நேசம்மாள், நெறியாளருக்குப் பெற்றவள் கையால் பொன்னாடை போடுவது அந்தத் துறையின் வழக்கம், மிக்சரும் லட்டும் மாதிரி, அது இல்லாமல் எந்தத் தேர்வும் முடிந்ததாகாது. அவர் குனிந்தார், குனிந்த மாத்திரத்தில் ஜீப்பின் ஹாரன் கேட்டது, இங்கே ஏது ஜீப், அது சில வருஷங்களுக்கு முந்தைய ஹாரன், அதற்கு இன்னும் தொண்டை கட்டவில்லை. துறைக்கு இருந்தது ஒரே ஜீப், அலுவலகம் பூட்டுவதற்குள் திரும்பியாக வேண்டும், இல்லாவிட்டால் டீனுக்குப் பதில் சொல்ல வேண்டும், ஊர் ஊராகப் போய்ப் பெண்களின் விரலில் குத்தி ரத்தசோகை பார்க்கிற ஆய்வு, உச்சி வெயிலில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போகிறார்கள், பாதி வீடுகளில் பூட்டு, பூட்டின வீட்டை விடு, அடுத்த வீட்டுக்குப் போ, என்கிறார் அவர், ஜாஸ்லின் தயங்கி நிற்கிறாள், சார், இவங்கல்லாம் அண்டியாபீசுக்குப் போயிருப்பாங்க, சாயங்காலம் வந்தா பாக்கலாம், நான் பஸ்ல வந்தாவது எடுத்திருவேன் சார், எங்கம்மாவும் அங்கதான். முந்திரி ஆலைக்கு அந்தப் பக்கத்தில் அண்டியாபீஸ் என்றுதான் பெயர். உனக்கு ஆய்வு முடிக்கணுமா, ஊர்ல உள்ள பூட்டையெல்லாம் எண்ணிட்டுத் திரியணுமா, என்று சிரித்துக்கொண்டே கேட்டார், டிரைவரும் சேர்ந்து சிரித்தார், அவள் தலையாட்டிவிட்டு அடுத்த கதவைத் தட்டினாள். ரத்தசோகை குறைந்துவிட்டது என்று கட்டுரை வந்தது, அவர் பெயர் முதலில், கட்டுரையின் பின்னாலேயே துறைத்தலைவர் நாற்காலியும் வந்தது, நாற்காலியில் உட்கார்ந்ததும் பூட்டுகள் மறந்துபோயின.

இன்று காலை அவை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஏம்மா, இதுல வேலைக்குப் போற பொம்பளைங்களையே காணோமே, பகல்ல வீட்ல இருந்தவங்களை மட்டும் பாத்துட்டு மாவட்டத்துக்கே சோகை குறைஞ்சிருச்சுன்னா எப்படி, யார் யோசனை இது, என்று கேட்டார், ஜாஸ்லின் நெறியாளரைப் பார்த்தாள், என் யோசனைதான் மேடம் என்று ஒரு வார்த்தை, அது அவர் நாக்கு நுனிவரை வந்தது, ஆனால் அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார், மூடியதையே மறுபடி மூடினார், என் தப்புதான் மேடம், என்று அவள் சொல்வது எங்கோ தூரத்தில் கேட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம். அவளைத் தன் ஆய்வுக்கூடத்தில் வேலைக்கு எடுத்துக்கொள்ளப் போவதாகக் காலையில் காபி குடிக்கும்போது சொன்ன அதே அம்மையார், தேர்வு முடிந்ததும், பட்டம் குடுத்துரலாம் சார், ஆனா எங்ககிட்ட வர்றதுக்கு இந்தப் பொண்ணு இன்னும் யோசிக்கப் பழகணும், என்று அவர் காதோடு முடித்துக்கொண்டார், யோசித்தவளே அவள்தான், அது தெரிந்த ஒரே ஆள் அதற்கும் தலையாட்டினார், ஆட்டிய தலையை அப்போதே கழற்றி எங்கேயாவது வைத்துவிட்டுப் போனால் தேவலை என்றிருந்தது, அத்தனை வெட்கம்.

அந்தத் தலைக்குக் கீழேதான் பொன்னாடை விழுந்திருக்கிறது, கழுத்தில் உறுத்துகிறது, நேசம்மாள் கையெடுத்துக் கும்பிடுகிறாள், எனக்க பிள்ளைய ஆளாக்கிட்டிய சாரே, என்கிறாள், மேஜைமேல் இருந்த ஆய்வேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள், இதுல எங்க ஆபீசு பொம்பளையளும் உண்டுல்லா சாரே, அங்க பாதிப்பேருக்கு எப்பவும் தலசுத்துதான். இந்த முறை வார்த்தை வந்தது, நிஜமாகவே வந்தது, இல்லம்மா என்று சொல்ல உதட்டைப் பிரித்தார், உண்டும்மா, எல்லாரும் உண்டு, என்று அவருக்கு முந்திக்கொண்டு மகள் சொல்லிவிட்டாள், அவரைப் பார்க்காமலே சொன்னாள், கறுத்த விரல்கள் நிம்மதியாக அவர் தோளில் ஜரிகையை இழுத்துச் சரிசெய்தன, போட்டோக்காரர், சார், கொஞ்சம் சிரிங்க, என்றார், சார் சிரித்தார்.