நீலம் நிற்கவில்லை

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி. மாலையில் ஆண்டு விழா நாடகம், மதியம் ஒத்திகை. மகனைப் பறிகொடுத்த தாயாக நடிக்கும் ரோகிணி, மங்கலான நீல வெளிச்சத்தில் தரையை அறைந்து அலறினாள். அவ்வளவுதான், நீலம் போய்ச் சிவப்பும் பச்சையும் மாறி மாறி அடித்தன. இழவு வீட்டுக்குள் கரகாட்டம் புகுந்த மாதிரி இருந்தது. மாணவிகள் சிரித்துவிட்டார்கள்.

முத்துப்பாண்டி சிரிக்கவில்லை. பழங்காநத்தத்தில் லைட் செட் வைத்திருப்பவர். ஆயுதபூஜைக்கு மனைவி பாண்டீஸ்வரி வைத்த சந்தனப் பொட்டு கலையாத புதுக் கன்ட்ரோல் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, பக்கத்தில் நின்ற உதவியாள் அழகுபாண்டியைப் பார்த்தார்.

ஒரு வாரமாகவே இவன் போக்கு சரியில்லை. போன் வந்தால் தள்ளிப்போய்ப் பேசுகிறான். நேற்று அந்தப் போனில் தெரிந்த பெயர் சிவபாண்டி. இவருக்குப் போட்டியாக லைட் செட் நடத்துகிறவன்.

"மாப்ள, பெட்டியில கை வச்சியா?"

"இல்லண்ணே."

"அப்ப தானா மாறிக்கிருச்சாக்கும்."

"புதுப் பெட்டிண்ணே. எதுக்கும் மோடு என்னன்னு பாருங்க."

"சுவிட்சப் போட்டா மேனுவல்லதான்டா வரும். எனக்கே பாடமா?"

மேனுவல் என்றால் கை வைத்த வெளிச்சம் அப்படியே நிற்கும். ஆட்டோ என்றால் பெட்டி அதுபாட்டுக்கு மாற்றிக்கொண்டே போகும். சவுண்ட் என்றால் பலத்த சத்தம் கேட்டால் மாறும். பழைய பெட்டி எப்போதும் மேனுவலில்தான் விழிக்கும். அந்தப் பழக்கத்தில் முத்துப்பாண்டி வேறெதையும் யோசிக்கவில்லை.

"சிவபாண்டி என்ன சொல்லி அனுப்புனான்? என் பேரைக் கெடுக்கச் சொன்னானா?"

அழகுபாண்டியின் முகம் சுருங்கியது. "அவருகிட்ட வேலைக்குக் கூப்புடுறாருதாண்ணே. வர மாட்டேன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கேன். உங்க முன்னாடி அதப் பேச ஒரு மாதிரியா இருந்துச்சு."

"நல்லாக் கத விடுற. போ, ஏணிமேல ஏறி நில்லு. பெட்டிப் பக்கம் வராத."

அவன் போய், மேடையின் மறுகோடியில் ஏணி உச்சியில் உட்கார்ந்தான். முத்துப்பாண்டி நீலத்தை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். ரோகிணி மறுபடி அலறினாள். நீலம் மறுபடி சிவப்பானது.

ஏணியில் அவன். பெட்டிக்குப் பக்கத்தில் இவர் மட்டும்.

முத்துப்பாண்டி மெதுவாகக் குனிந்தார். எந்த மோடு என்று காட்டும் பொடி விளக்குகள் பெட்டியின் நெற்றியில் வரிசையாக இருக்கும். பாண்டீஸ்வரி வாகாக ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொட்டு வைத்திருந்தாள். நகத்தால் சுரண்டினார். கடைசிப் பொட்டுக்கு அடியில் பச்சையாக எரிந்தது: சவுண்ட்.

பூஜைக்கு முந்தின வாரம் அலங்காநல்லூர்த் திருவிழா ஆட்டத்துக்குச் சவுண்டில் வைத்தது அவர் கைதான். புதுப் பெட்டி அதை மறக்கவில்லை.

மேனுவலுக்கு மாற்றினார். மாலை நாடகத்தில் ரோகிணி தொண்டை கிழியக் கத்தியும் நீலம் அசையவில்லை. கைதட்டல் அடங்கியதும் முத்துப்பாண்டி ஏணியடிக்குப் போனார்.

"மாப்ள, வா, டீ குடிப்போம்."

"வயரச் சுருட்டிட்டு வாரேண்ணே."

அவன் போன் அடித்தது. இந்தத் தடவை தள்ளிப் போகவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்தான்.

"சொல்லுங்க சிவபாண்டிண்ணே. ஆமா, இம்புட்டு நாளா மாட்டேன்னுதான் சொன்னேன். நாளைக்குக் காலையில வாரேன்."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, எப்போதும் போல முறுக்கு விழாமல் வயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.