நாரைக்கு நிறுத்திய ஆள்

"கழட்டுங்க. மொதல்ல அந்தச் சட்டைய கழட்டுங்க."

"நாரை வரணுமா, வராம இருக்கணுமா, அத்த மட்டும் சொல்லு..."

"வந்தா வருது, போனா போவுது. அது என் புள்ள போட்ட சட்டை..."

"எனக்கு மட்டும் அவன் எவனோவா? ஒரு நிமிஷம் நான் சொல்றத கேளு ரோஸி..."

"நீ சொன்னத கேட்டவன் கதிதான் பாத்தாச்சே."

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் ரோஸி மரியஜோசப்பை நீ என்று பேசியது அன்றைக்குத்தான். வாயை விட்டுப் போனதை எந்த வலை போட்டுப் பிடிக்க? அவர் குனிந்து, பொம்மையின் இடுப்பில் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

வாசலுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் இருந்த சிமென்ட் குளத்தின் ஓரத்தில் அந்தப் பொம்மை நின்றது. சவுக்குக் கழி இரண்டைக் குறுக்கே கட்டி, ஃபிரடியின் கம்பெனிச் சட்டையை மாட்டியிருந்தார். பீரோவில் அந்துருண்டை போட்டு ரோஸி மடித்து வைத்திருந்த சாம்பல் நிறச் சட்டை அது. பை மேல் அவன் பெயரை நீல நூலில் தைத்திருந்தது. தலைக்குப் பெயின்ட் டப்பா, அதன் மேல் கம்பெனித் தொப்பி. உடம்புக்குள் லாரிக்காரர்கள் எறிந்துவிட்டுப் போன பேக்கிங் ஸ்பாஞ்சு. கைகளுக்கு ஆரஞ்சு நிறக் கையுறை. பென்சிலால் குத்திக் குத்தி விரல் நுனி வரைக்கும் ஸ்பாஞ்சு அடைத்திருந்தார். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ரோஸிக்கோ சட்டையைப் பார்த்த கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

குளம் ஃபிரடி வெட்டியது. தகடு அழுத்துகிற பிரஸ் லைனில் வேலை நிரந்தரமான மாசம், கொளத்தூரிலிருந்து ஆக்ஸிஜன் அடைத்த பையில் பதினோரு கோய் வண்ணமீன் வாங்கி வந்தான். நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் யூனிபாரத்தைக்கூடக் கழற்றாமல் அந்த ஓரத்தில் நின்று தீனி போடுவான். காலடிச் சத்தம் கேட்கவேண்டாம், ஆள் நிழல் விழுந்தால் போதும், அத்தனையும் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்து முட்டும். அப்போது வீட்டுக்குப் பின்னால் ஒரு தாங்கல் இருந்தது. நாரைகள் அந்தச் சின்ன ஏரியோடு நின்றுகொண்டன. பிறகு தாங்கலில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, கண்டெய்னர் லாரி நிறுத்துகிற இடமாக்கிவிட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியில் அத்தனை தண்ணீர் இருந்தும், பழகிய இடத்தை விடாத ஒரு நாரை மட்டும் லாரி மேல் நின்று இந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஃபிரடியின் வலது கை மெஷினில் மாட்டியதும் அந்த வருஷம்தான். மூன்று விரல் போய்விட்டது. மரியஜோசப் அதே கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவர். கை நுழைந்தால் மெஷினை நிறுத்துகிற சென்சாரைப் பையனே அணைத்துவிட்டு வேலை செய்தான் என்று ஒரு காகிதம் ஆஸ்பத்திரிக்கு வந்தது. கையெழுத்துப் போடு கண்ணு, உட்கார்ந்து செய்கிற வேலை தருவார்கள், நான் பேசிவிட்டேன் என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னவர் அவர்தான். அணைக்கச் சொன்னது கம்பெனிதான் என்பது லைனில் இருந்த எல்லாருக்கும் தெரியும். வலது கையில் கட்டு இருந்ததால் ஃபிரடி இடது கையால் கோணல்மாணலாகப் போட்டுக் கொடுத்தான். மூன்று மாசம் கழித்து அதே காகிதத்தைக் காட்டி அவனை வெளியே அனுப்பினார்கள்.

இப்போது ஓசூரில் ஏதோ அபார்ட்மென்டில் கேமரா பார்க்கிற வேலை. அப்பாவோடு பேச்சை விட்டுப் பதினாலு மாசம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்கு அம்மாவுக்கு வீடியோ கால் போடுவான். மீனக் காட்டும்மா என்பான். ரோஸி காட்டுவாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரிம்மா வச்சிடறேன் என்பான். சாப்பிட்டாயா, கை வலிக்கிறதா என்று இவள் கேட்பதெல்லாம் பாதியில் நிற்கும். மீன் தீர்ந்துபோனால் அந்த போன் எதற்காக வரும்? இதை அவள் கோயிலில் முழந்தாளிட்டுச் சொல்லியிருக்கிறாளே தவிர, வீட்டில் சொன்னதில்லை.

பதினொன்று இப்போது ஆறாகிவிட்டது. வலை கட்டிப் பார்த்தார்கள். நாரை வலை மேலேயே ஏறி நின்றது. அதன் கனத்துக்கு வலை தண்ணீரில் தாழ, கண்ணி வழியாகவே கொத்தி எடுத்தது. பளபளவென்று சீடி கட்டித் தொங்கவிட்டார்கள். அதன் பக்கத்தில் நின்று இறகு கோதிக்கொண்டது. ஃபிரடி எண்ணிக் கேட்கும்போதெல்லாம், பைப்புக்குள்ள பூந்துகினு கீதுடா, வெயிலுக்கு வெளிய வரமாட்டேங்குது என்று ரோஸி சொல்லிவந்தாள்.

அவன் அந்தச் சட்டையில் நின்றவரைக்கும் நாரை வரவில்லை, ஆகவே அது பயந்தது அந்தச் சட்டைக்குத்தான் என்பது மரியஜோசப்பின் கணக்கு.

பொம்மை நின்ற முதல் நாள் விடியற்காலை ஷிப்ட் முடிந்து வந்த மாடி ரூம் வனமாமலை, நாங்குநேரிக்காரன், ஒரே லைனில் ஃபிரடியோடு நின்றவன், கேட்டைத் திறந்ததுமே, "அண்ணே, எப்ப வந்திய?" என்று பொம்மையைப் பார்த்துக் கேட்டுவிட்டான். பக்கத்தில் போய்ப் பார்த்தவன் தலையைக் குனிந்துகொண்டு மாடி ஏறிப்போனான். மரியஜோசப்புக்கு மட்டும் அதில் ஒரு சந்தோஷம். மனுஷனே ஏமாறுகிறான், பறவை எம்மாத்திரம் என்றார். அன்றைக்கு நாரை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவர் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்தக் காகிதத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சாப்பிட்டு ரோஸி பார்த்ததில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி அவள் மறுபடி பேச்செடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை அவர் பால் வாங்கப் போயிருந்தார். ரோஸி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நாரை பொம்மையின் கைக்குக் கீழே, அதன் நிழலிலேயே நின்றுகொண்டிருந்தது. தண்ணீரில் காலைக்கூட வைக்கவில்லை. வைக்க வேண்டிய அவசியமுமில்லை. ஆள் நிழலைக் கண்டு, தீனி போடுகிறவன் வந்துவிட்டான் என்று, மீன்கள் ஆறும் பொம்மையின் காலடியில் வாயைத் திறந்துகொண்டு முட்டின. நாரை ஒன்றை எடுத்து விழுங்கியது. நிதானமாக இன்னொன்றை எடுத்தது. அவள் துடைப்பத்தோடு ஓடி வருவதற்குள் சுவரைத் தாண்டிவிட்டது. மிச்சம் நான்கும் அப்போதும் உள்ளே போகவில்லை. சட்டையைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின.

கயிற்று முடிச்சில் கை வைத்தாள். கேட் சத்தம் கேட்டது.

"இன்னிக்கும் வரல பாத்தியா?" என்றார் பால் பாக்கெட்டோடு வந்த மரியஜோசப்.

"வரல," என்றாள் ரோஸி, முடிச்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டு.

மறுநாள் பூசை முடிந்து வந்து உட்காருவதற்குள் போன் அடித்தது. பொம்மை தெரியாமல் தண்ணீரை மட்டும் காட்டிவிட வேண்டும் என்று ரோஸி இடுப்பு வலியோடு குனிந்து, போனைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பிடித்தாள்.

"நாலுதான் கீது," என்றான் ஃபிரடி.

"மத்ததெல்லாம் பைப்புக்குள்ள கண்ணு."

"யாரும்மா அங்க நிக்கிறது?"

"யாருமில்லடா, நாந்தான்."

"தண்ணில தெரியுதும்மா. போன தூக்கு."

காற்றில்லாத தண்ணீரில் தொப்பியும் சட்டையும் தலைகீழாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் தெரிந்துகொண்டிருந்தன. இதை அவள் யோசிக்கவில்லை. வலை பழசாகிவிட்டது, நாரைக்காகத்தான், அப்பாவுக்கு வேறு வழி தெரியவில்லை என்று என்னென்னவோ சொன்னாள். தூக்கும்மா என்றான் மறுபடி. தூக்கினாள். மேலிருந்து கீழ் வரைக்கும் காட்டச் சொன்னான். காட்டினாள். அவன் வைத்துவிட்டானா என்று திரையைத் தன் பக்கம் திருப்பினாள். வைக்கவில்லை. முகம் இருந்தது.

"அப்பா கீறாரா?"

பதினாலு மாசத்தில் அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததில்லை. ரோஸி உள்ளே பார்த்து, "ஏங்க, உங்களத்தான் கேக்கறான், வாங்க," என்றாள்.

மரியஜோசப் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் வந்தார். நற்கருணை வாங்குகிறவர்போல இரண்டு கையையும் சேர்த்து நீட்டிப் போனை வாங்கினார்.

"ஃபிரடி, சாப்ட்டியாடா?" என்றார். பதில் வருவதற்குள் அவரே தொடர்ந்தார். "பாத்தியா, நாந்தான் கட்டினேன். ஒன்னாட்டமே கீதுன்னு வனமாமலையே ஏமாந்துட்டான். அஞ்சு நாளா நாரை கிட்ட வரல. நீ கவலப்படாத, ஒம் மீன நான் பாத்துக்கறேன்."

ரோஸி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மீன்கள் நான்கும் பொம்மையின் காலடியில் வந்து முட்டிக்கொண்டிருந்தன.

"பாத்தேம்ப்பா," என்றான் ஃபிரடி. "சோத்துக்கைல எத்தினி வெரலுப்பா வச்சிக்கீற?"